பாக்கி நிற்கும் ஒரு சனிக்கிழமை

போ பசான் என்ற ஊரில் பழனியாண்டிக்கு ஒரு நண்பர் இருந்தார் என்று ஒரு வதந்தி.

வேறு யாரைப் பற்றியாவது என்றால் இதை வதந்தி என்று சொல்லமாட்டார்கள். பழனியாண்டி ரகசியமாகக் குரேபீப்பில் பங்களா வாங்கிவிட்டார் என்றிருந்தால் ஊர் நம்பியிருக்கும். ஆளுநருக்கு மொட்டைக் கடிதம் போட்டார் என்றாலும் நம்பியிருக்கும். நண்பர் என்றதும்தான் தட்டில் இருந்த கையை எடுத்துவிட்டு, "அப்படியா?" என்றது. அதுவும் சாதாரண நண்பரா? மோகாவில் மாடி வீடு கட்டி, வாசலில் பித்தளைப் பலகையில் பட்டங்களைப் பொறித்து வைத்திருக்கும் டாக்டர் சுப்ரமணியன். ஊசி போடும் டாக்டர் அல்ல, சரித்திர டாக்டர்.

வதந்தியில் விவரத்துக்குக் குறைவில்லை. சனிக்கிழமைதோறும் சாயங்காலம் இருவரும் பள்ளத்தாக்கை ஒட்டிய பாதையில் உலாவப் போவார்களாம். பழனியாண்டிக்கு நாய் என்றால் பயம், அதனால் டாக்டர் கையில் ஒரு கம்பு இருக்குமாம். எதிரே தெரியும் மலைக்கு என்ன பேர் என்று சண்டை போட்டுக்கொள்வார்களாம். பாதை முடிவில் ஜோசெட் கடையில் மிளகாய் வடை வாங்குவார்களாம், காசு டாக்டர்தான் கொடுப்பாராம்.

இத்தனை நுணுக்கம் உள்ள வதந்தி பெரும்பாலும் பொய்யாக இருக்காது. அல்லது முழுப் பொய்யாகத்தான் இருக்கும். விசாரித்துப் பார்ப்பதில் தவறில்லை.

ஜோசெட்டிடமிருந்து தொடங்குவதுதான் நியாயம். கரோல் புயல் அவள் கடைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போன வாரம் தவிர, ஒரு சனிக்கிழமைகூட அவள் எண்ணெய்ச் சட்டி அணைந்ததில்லை. கேட்டதும் கரண்டியை நிறுத்தினாள்.

"டாக்டரா? எந்த டாக்டர்? மிஸ்யே பழனி வருவார். தனியா வருவார், தனியாப் போவார்."

"அவருக்கு நாய்னா பயமாமே?"

"ஆயோ! இதோ படுத்திருக்கே இந்த நாய், இது அவர் செருப்பு மேல தலை வச்சுத்தான் தூங்கும். நான் கூப்பிட்டா வராது, அவர் இருமினா எழுந்து ஓடும்."

ஆக நாய் சாட்சி சொல்லிவிட்டது. அப்படியானால் கம்பு எங்கிருந்து வந்தது? அதற்குப் பழனியாண்டியின் பிழைப்பைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

அவர் இந்தத் தீவின் தெற்கே சுரினாம் என்ற கிராமத்தில் கரும்பு வெட்டியவரின் மகன். பரீட்சை எழுதி, தலைநகர் போர்ட் லூயியில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவானார். போ பசானில் ஓர் அறை, காலையில் ரயில், மாலையில் ரயில். அலுவலகத்தில் அவர் வேலை, கப்பலில் வரும் லண்டன் பத்திரிகைகளைப் பிரித்து, முத்திரை குத்தி, அடுக்கில் வைப்பது. மேலதிகாரிகள் அவற்றில் குதிரைப் பந்தய முடிவைப் படித்தார்கள். பழனியாண்டி கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். அங்கேதான், அறிஞர்களுக்குப் பணம் கொடுத்தே தீருவது என்று உயில் எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனவர்களின் அறிவிப்புகள் வரும். பிஸ்கட் செய்து பணக்காரரான ஒருவர் தேவாலய மணிகளை ஆராய்வோருக்கு நிதி வைத்திருப்பார். கப்பல் முதலாளியின் விதவை ஒருத்தி, தீவுகளைப் பற்றி எழுதுவோருக்கு வைத்திருப்பாள். கப்பல் இங்கே வந்து சேர்வதற்குள் கெடு முடிந்திருக்கும். அதனால் பழனியாண்டி இந்த வருஷத்து அறிவிப்பைப் பார்த்து அடுத்த வருஷத்து விண்ணப்பத்தை எழுத ஆரம்பித்துவிடுவார்.

தனக்கல்ல, மற்றவர்களுக்கு. முதல் ஆள் பாட்ரிக் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார். தேவாலயம் தேவாலயமாக ஏறி, மணிகளில் பொறித்திருக்கும் வாசகங்களை எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிஸ்கட் பணம் வந்தது. சேதி பரவியது. தாலாட்டு சேகரித்த அம்மாள் வந்தாள், பழைய கல்லறைகளைப் படித்தவர் வந்தார், கடைசியில் இளம் சுப்ரமணியன் வந்தார். அப்போது டாக்டர் இல்லை. மோகா வீடும் இல்லை. துறைமுகத்துத் துணிக்கடைக்காரர் மகன், கையில் ஒரு பெரிய யோசனையும் காலில் ஒரு பழைய செருப்பும்.

பழனியாண்டி எல்லாருக்கும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்.

"உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்னு எழுதாதீங்க. அதுல லண்டன்காரனுக்கு அக்கறை இல்ல. எது அழிஞ்சுக்கிட்டிருக்குன்னு எழுதுங்க. இப்பவே பணம் வரலைன்னா செத்துடும்னு எழுதுங்க."

அதனால் அவர் காலத்தில் இந்தத் தீவில் எல்லாம் அழிந்துகொண்டே இருந்தன. மணிகள் அழிந்துகொண்டிருந்தன, தாலாட்டு அழிந்துகொண்டிருந்தது, கல்லறைகள்கூடச் சாகக் கிடந்தன. பணம் வந்து சேர்ந்ததும் எல்லாம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தன.

விண்ணப்பம் மட்டுமல்ல, அதனுடன் போகும் பரிந்துரைக் கடிதத்தையும் அவரே எழுதிவிடுவார். பரிந்துரைப்பவர்கள் பெரிய மனிதர்கள், எழுத நேரமிருக்காது, கையெழுத்துப் போட மட்டும் இருக்கும். பாதிரியார் குரலில், நீதிபதி குரலில், கல்லூரி முதல்வர் குரலில் எல்லாம் எழுதப் பழகியிருந்தார். ஒரே நிபந்தனை: தன் பேர் எங்கேயும் வரக்கூடாது. நடுவில் ஓர் ஆள் இருப்பது தெரிந்தால் லண்டனில் சந்தேகப்படுவார்கள் என்பார். அறிஞர்கள் இந்த நிபந்தனையை மிகுந்த கண்ணியத்தோடு காப்பாற்றினார்கள். ரயிலில் அவரைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும் அளவுக்குக் காப்பாற்றினார்கள்.

சுப்ரமணியன் அவர்களைவிட ஒரு படி மேல். கெடு நெருங்கும்போது "அண்ணே" என்பார். விண்ணப்பம் தபாலில் போனதும் "பழனி" என்பார். பணம் வந்துவிட்டால் "மிஸ்டர் பழனியாண்டி". அந்த விளிப்பைக் கேட்டே அவர் பையில் எவ்வளவு இருக்கிறது என்று பழனியாண்டி சொல்லிவிடுவார்.

இதற்குக் கூலி என்ன என்று ஊர் கேட்டது. பாதி எடுத்துக்கொள்கிறார் என்றும் சொன்னது. அவர் ஒன்றும் வாங்கியதில்லை. அவர் அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. கெடுவுக்கு முந்தின மாதம் முழுக்க, மாலை தோறும் யாராவது வந்து இரண்டாவது நாற்காலியில் உட்காருவார்கள். அவர் தேநீர் போடுவார். வாக்கியம் வாக்கியமாகத் தகராறு நடக்கும், சிரிப்புகூட வரும். விண்ணப்பம் கப்பலேறியதும் நாற்காலியின் மேல் அவர் சட்டை தொங்க ஆரம்பிக்கும். சில சமயம், நன்றாகவே முடிந்திருக்கும் விண்ணப்பத்தில் ஏதாவது குறை கண்டுபிடித்து, "நாளைக்கும் ஒருதடவை பார்த்துடலாமே" என்பார். அதுதான் அவர் அடித்த கொள்ளை.

தீவில் ரயில் ஓடுவதே நின்றுபோவதற்கு முந்தின வருஷம், அந்தக் கப்பல் விதவையின் அறக்கட்டளை புதிதாக ஒன்றை அறிவித்தது. தீவுகளில் எழுத்தில் இல்லாத பெயர்களைச் சேகரிப்போருக்கு நிதி. பட்டம் தேவையில்லை. படித்ததும் பழனியாண்டி முத்திரையை நாளிதழில் குத்தாமல் தன் கட்டைவிரலில் குத்திக்கொண்டார்.

அவரிடம் அப்படி ஒன்று இருந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு முதலாளிகள் வைத்த பிரெஞ்சுப் பெயர்கள் வரைபடத்தில் இருக்கின்றன. வெட்டியவர்கள் வைத்த தமிழ்ப் பெயர்கள் எதிலும் இல்லை. ஒருநாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியை வெட்டிய தோட்டம் 'ரெட்டை வெட்டு'. மலை மறைப்பதால் வெயில் தாமதமாக வந்தும் மணி மட்டும் சீக்கிரம் அடித்த வயல் 'பாதிச் சூரியன்'. அவர் அப்பா சொல்வார்: முப்பத்தேழில் ஆட்கள் வேலையை நிறுத்தியபோது எல்லாரும் பாதிச் சூரியனில் கூடுவது என்று பேச்சு. யாரோ காட்டிக்கொடுத்துவிட்டான். போலீஸ் லாரி புறப்பட்டது, ஆனால் பாதிச் சூரியன் எங்கே இருக்கிறது என்று எந்த வரைபடத்திலும் இல்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டும் ஆயிற்று, லாரி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

பணம் கிடைத்தால் அலுவலகத்தில் விடுப்பு எடுக்கலாம். தோட்டம் தோட்டமாகப் போகலாம். கதவைத் தட்டி, "லண்டனிலிருந்து கேட்கச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லி உட்காரலாம். பழனியாண்டிக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசி வார்த்தைதான். காரணமில்லாமல் ஒரு வீட்டுக்குப் போய் உட்காரும் வித்தை அவருக்கு வாய்க்கவில்லை. காரணத்தை லண்டன் கொடுக்கும் போலிருந்தது.

விண்ணப்பத்தை எழுதி முடித்தார். ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. விதவையின் அறக்கட்டளை பூ வைத்து ஜோடித்த பரிந்துரைகளைப் படித்துச் சலித்திருக்க வேண்டும் (அதில் பாதி பழனியாண்டியே எழுதியவை), அதனால் இந்த முறை, 'உத்தியோக முறையில் அல்லாமல், தனிப்பட்ட முறையில் விண்ணப்பதாரரைப் பல ஆண்டுகளாக நன்கு அறிந்த ஒருவர்' எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

பஸ் ஏறி மோகா போனார். வேலைக்காரி உள்ளே போய்ச் சொல்ல, டாக்டர் வராந்தாவுக்கு வந்தார்.

"வாங்க, வாங்க. என்ன வந்திருக்கு? பாரிஸா, லண்டனா?"

"எனக்குத்தான் டாக்டர். நான் ஒண்ணு போடறேன்."

டாக்டர் சிரித்தார். பழனியாண்டி சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். விஷயத்தைக் கேட்டார்.

"அவ்வளவுதானே? எழுதிக் கொண்டாங்க, போட்டுத் தர்றேன்."

"இத நீங்களே எழுதினா நல்லா இருக்கும்."

"நானா? நான் எழுதினா கிடைக்குமா? எனக்கு எழுத வராதுன்னு இந்த ஊர்ல தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. நீங்களே இப்படிச் சொன்னா?"

அது உண்மைதான். பழனியாண்டி திரும்பி வந்து, தன்னைப் பற்றித் தானே எழுத உட்கார்ந்தார்.

மணி ஆராய்ந்தவரை ஒரே மூச்சில் எழுதியவர், தாலாட்டு அம்மாளைத் தேநீர் ஆறுவதற்குள் எழுதியவர், 'திரு. பழனியாண்டியை நான் நன்கு அறிவேன்' என்று எழுதிவிட்டு நின்றார். அடுத்து என்ன? நன்கு அறிந்தவன் எதை அறிந்திருப்பான்? நேர்மையானவர், கடமை தவறாதவர் என்றெல்லாம் அலுவலகமே சொல்லிவிடும். எதிர் நாற்காலியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். ஒரு வாரம் காகிதம் அப்படியே கிடந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை, பள்ளத்தாக்குப் பாதையில் வழக்கம்போலத் தனியாக நடந்துவிட்டு வந்து, பக்கத்தில் ஒருவர் நடந்தால் எப்படி இருக்கும் என்று எழுத ஆரம்பித்தார். 'சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் உலாவப் போவோம்.' எழுதியதும் அடுத்த வாக்கியம் தானாக வந்தது. மலையின் பேரைப் பற்றிய சண்டை வந்தது. மிளகாய் வடை வந்தது. நண்பன் என்றால் எதற்காவது உதவ வேண்டுமே என்று யோசித்து, தனக்கு நாய் என்றால் பயம் என்று எழுதி, டாக்டர் கையில் ஒரு கம்பைக் கொடுத்தார். நண்பனுக்குக் குறையும் தெரிந்திருக்க வேண்டும். 'குளிர்ந்தாலும் குளிர்கிறது என்று வாய்திறந்து சொல்லமாட்டார், நாமாகப் பார்த்துத்தான் திரும்ப வேண்டும்' என்று எழுதினார். தாள் தாளாக நீண்டது. அவர் எழுதியவற்றிலேயே அதைப் போல ஒன்று இல்லை.

டாக்டர் பேனாவைத் திறந்து கடைசித் தாளைப் புரட்டினார்.

"எல்லாம் இருக்கில்ல? அழிஞ்சுக்கிட்டிருக்கில்ல?"

"இருக்கு."

கையெழுத்துப் போட்டார்.

பதில் கடிதமாக வரவில்லை, ஆளாக வந்தது. அறக்கட்டளையின் செயலர், வெள்ளை மீசைக்காரர், தென்னாப்பிரிக்கா வரை வந்தவர் இங்கேயும் வந்து இறங்கினார். மோகாவில் டாக்டர் வீட்டு வராந்தாவில் இருவரையும் சந்தித்து, கடிதத்தை நெஞ்சுப் பையிலிருந்து எடுத்தார். இந்த மாதிரிக் கடிதம் தாங்கள் படித்ததில்லை என்றார். நாளை சனிக்கிழமை அல்லவா, உங்கள் உலாவலில் நானும் சேர்ந்துகொள்ளலாமா என்றார்.

டாக்டர், "எந்த உல..." என்று ஆரம்பிப்பதற்குள் பழனியாண்டி இருமினார்.

செயலர் போனபின் டாக்டர் நகலை வாங்கிப் படித்தார். முதன்முறையாக. படித்து முடித்து நகலை மடித்தார்.

"வடைக்கு நான்தான் காசு கொடுப்பேனா?"

"ஆமாம்."

"கம்பு?"

"வழியில வெட்டிக்கலாம்."

"சரி அண்ணே. நாளைக்கு வந்துடறேன்."

கெடு எதுவும் இல்லாத நாளில் அவர் 'அண்ணே' என்றது அதுவே முதல் தடவை. அன்றைக்குப் பழனியாண்டி நாற்காலியிலிருந்து சட்டையை எடுத்து மடித்து வைத்தார்.

மறுநாள் பாதை முனையில் செயலர் வந்து நின்றார். பழனியாண்டி வெட்டி வைத்த கம்போடு நின்றார். டாக்டர் வரவில்லை. டாக்டரின் கார் வந்தது. ரெதுயியில் ஆளுநர் மாளிகைத் தேநீர் விருந்துக்குத் திடீர் அழைப்பாம், மன்னிக்க வேண்டுமாம். கார் திரும்பிப் போயிற்று.

"பரவாயில்லை, நாம் நடப்போம்" என்றார் செயலர். நடந்தார்கள். "இந்த இடத்தில் உங்கள் நண்பர் என்ன சொல்வார்?"

பழனியாண்டி சொன்னார். டாக்டர் அந்த மலையை இப்படிச் சொல்வார், நான் இல்லை என்பேன். டாக்டருக்கு இந்தத் திருப்பத்தில் நின்று கீழே பார்க்கப் பிடிக்கும். சொல்லச் சொல்ல, வராதவர் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார். பழக்கம் பொல்லாதது. நல்ல வாக்கியம் எது வந்தாலும் அடுத்தவர் வாயில் வைத்தே வாழ்ந்தவர், இங்கேயும் அதையே செய்தார். ரெட்டை வெட்டைச் சொன்னது டாக்டர். பாதிச் சூரியனைக் கண்டுபிடித்தது டாக்டர். சுற்றிச் சுற்றி வந்த போலீஸ் லாரியின் கதையைக்கூட, தன் அப்பாவிடமிருந்து பிடுங்கி, துணிக்கடைக்காரர் மகனுக்குக் கொடுத்தார். நண்பர் சும்மா நடந்து வந்தால் நன்றாக இருக்காது என்று பட்டது. செயலர் குறித்துக்கொண்டே வந்தார். ஜோசெட் கடையில் வடைக்குக் காசு செயலர்தான் கொடுத்தார்.

திரும்பும்போது காற்று ஏறியிருந்தது. "குளிர்கிறதா?" என்று செயலர் கேட்டார்.

"இல்லை" என்றார் பழனியாண்டி.

செயலர் கடிதத்தை நினைத்துக்கொண்டு புன்னகைத்து, நடையை எட்டிப் போட்டார்.

முடிவு அடுத்த கப்பலில் வந்தது. மனிதர்களையும் இடங்களையும் இப்படிப் பார்க்கத் தெரிந்த, பெயர்களின் கதைகளை இவ்வளவு ஆழமாக அறிந்த ஒருவரை விட்டுவிட்டு வேறு யாருக்கும் இந்த நிதியைக் கொடுப்பது நியாயமாகாது என்று அறக்கட்டளை கருதியது. ஆகவே டாக்டர் சுப்ரமணியனுக்கு வழங்கியிருந்தது. அவருக்கு விருப்பமிருந்தால் திரு. பழனியாண்டியை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி.

டாக்டர் தானே போ பசானுக்கு வந்தார். இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் கேக்கவே இல்லையே. அவங்களாக் கொடுத்தா நான் என்ன செய்ய?"

"வாங்கிக்குங்க டாக்டர். திருப்பினா அடுத்த தடவை இந்தத் தீவுக்கே கொடுக்கமாட்டான்."

"நீங்க சொன்னா சரி." தேநீரைக் குடித்து எழுந்தவர் வாசலில் நின்றார். "அன்னிக்கு வந்திருக்கணும் நான். ஒரு சனிக்கிழமை போவோம், என்ன? நிஜமாவே."

"போவோம்."

டாக்டர் அந்தப் பணத்தில் லண்டனுக்குப் போய், அங்கே காப்பகத்தில் இருந்த வரைபடங்களை ஆராய்ந்தார். வரைபடத்தில் இல்லாத பெயர்கள் வரைபடத்தில் கிடைக்கவில்லை என்ற முடிவுக்கு வந்து, அதைப் புத்தகமாகவும் எழுதினார். எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்கக்கூடாது. அந்த மாதங்களில் நாற்காலி காலியாக இல்லை என்பது மட்டும் தெரியும்.

வதந்தி பிறந்தது அதற்கெல்லாம் வெகுநாள் கழித்து. அறுபத்தெட்டு மார்ச்சில் சுதந்திரக் கொடி ஏறிய வாரம், வானொலியில் டாக்டர் பேசினார். புதிய நாட்டில் அறிஞனும் எளியவனும் தோளோடு தோள் நடக்க வேண்டும் என்றார். தான் நடந்ததாகவும் சொன்னார். சனிக்கிழமைகள், பள்ளத்தாக்கு, நாய், கம்பு, வடை எல்லாம் வரிசையாக வந்தன. நடிப்பல்ல.

மோகாவில் போய்க் கேட்டபோது டாக்டருக்கு ஆச்சரியம்.

"இதுல என்ன சந்தேகம்? இதோ பாருங்க, அந்தக் கம்பு." வராந்தா மூலையில் உண்மையாகவே ஒரு கம்பு சாத்தியிருந்தது. "இப்பக் கொஞ்ச நாளாப் போக முடியல. மூட்டு வலி."

மிச்சமிருந்தது பழனியாண்டி. ஓய்வு பெற்றும் அதே அறை, அதே இரண்டு நாற்காலிகள். வானொலிப் பேச்சைக் கேட்டீர்களா என்றதற்குத் தலையாட்டினார்.

"டாக்டர் சொன்னதெல்லாம் சரிதான்."

"ஜோசெட் வேற மாதிரி சொல்றாங்களே?"

"அவளுக்கு எண்ணெய்ச் சட்டியப் பார்க்கவே நேரம் போதாது." தேநீரை ஆற்றினார். "ஒரே ஒரு சனிக்கிழமைதான் அவர் வரல. லண்டன்காரர் வந்திருந்த அன்னிக்கு. அது ஒண்ணு எனக்குப் பாக்கி."

"கேட்டு வாங்கிக்கலாமே. இங்கேருந்து மோகா என்ன தூரம்?"

"கேட்டா வந்து தீர்த்துட்டுப் போயிடுவார்" என்றார் பழனியாண்டி. "அப்புறம் மிஸ்டர் பழனியாண்டின்னு கூப்பிடுவார்."

அன்றைக்கும் சனிக்கிழமைதான். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பாதை முனையில் ஒருமுறை இருமினார். ஜோசெட்டின் நாய் எழுந்து வந்தது.